நாய்களில் குடலிறக்க அறுவைச் சிகிச்சை

நாய்களில் குடலிறக்க அறுவைச் சிகிச்சை என்பது, நாயின் வயிற்றுச் சுவர், உதரவிதானம், இடுப்பறையின் பின்புறத் தசைகள் ஆகியவற்றில் உள்ள ஏதேனும் ஒரு துளை வழியாகத் தன் இடம் விட்டு நகர்ந்த உறுப்பை மீண்டும் அதன் அறைக்குள் வைத்து, அத்துளையை உறுதியாக மூடுகின்ற கால்நடை மருத்துவ முறையாகும். பிறவியிலேயே அமைந்த சிறு தொப்புள் துளையைச் சில தையல்களால் மூடுவது முதல், வாகனத்தில் அடிபட்டு உதரவிதானம் கிழிந்த நாயின் மார்பறையிலிருந்து கல்லீரலை மீட்டெடுப்பது வரை இதில் அடங்கும். வெளியே தெரியும் வீக்கத்தின் பருமனைக் கொண்டு ஆபத்தை அளக்க முடியாது என்பது இத்துறையில் முதலில் அறிய வேண்டியதாகும். ஒரு குடலிறக்கம் பல மாதங்கள் காத்திருக்கலாமா, அன்றிரவே அறுவை செய்ய வேண்டுமா என்பதைத் துளையின் அளவும் அதில் சிக்கியுள்ள உறுப்புமே தீர்மானிக்கின்றன.

பெயர்

ஆங்கில மருத்துவத்தில் ஹெர்னியா எனப்படும் இந்நிலைக்குத் தமிழில் குடலிறக்கம் என்ற பெயர் நிலைபெற்றுவிட்டது. எனினும் நாய்களைப் பொறுத்தவரை இப்பெயர் சற்றுத் தவறான எண்ணத்தைத் தருகிறது. தொப்புளில் பெரும்பாலும் வெளிவருவது வெறும் கொழுப்பு. பெண் நாயின் கவட்டையில் கருப்பை. முதிர்ந்த ஆண் நாயின் குதவோரத்தில் சிறுநீர்ப்பை. உதரவிதானம் கிழிந்தால் கல்லீரல். 'இறக்கம்' என்பதும் இரு காலில் நிற்கும் மனிதனை எண்ணி அமைந்த சொல்லாகும். நான்கு காலில் நிற்கும் விலங்கில் உறுப்புகள் பின்னோக்கியும் முன்னோக்கியும் கூட நகர்கின்றன. வேறு பொதுச்சொல் வழக்கில் இல்லாமையால் இக்கட்டுரையிலும் குடலிறக்கம் என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

அமைப்பும் நெரிப்பும்

ஒரு குடலிறக்கத்தில் மூன்று பகுதிகள் உண்டு. தசையிலோ தசையுறையிலோ உள்ள துளை முதலாவது. இது வளையம் எனப்படும். அத்துளை வழியே பிதுங்கி வந்த வயிற்று உட்சவ்வால் ஆன பை இரண்டாவது. பையினுள் இருக்கும் உறுப்பு மூன்றாவது. விபத்தால் ஏற்படும் கிழிசல்களில் பை இருக்காது; உறுப்பு நேரடியாக அடுத்த அறைக்குள் கிடக்கும்.

விரலால் அழுத்தினால் உள்ளே சென்றுவிடும் குடலிறக்கம் 'மீளும்' வகையாகும். உள்ளே தள்ள முடியாதது 'சிக்கிய' வகை. சிக்கிய உறுப்பின் இரத்த ஓட்டமும் தடைப்பட்டால் அது 'நெரிபட்ட' குடலிறக்கமாகும். நெரிப்பு நிகழும் விதம் ஒரு குழாய்ப் பொறியியல் சிக்கலைப் போன்றது. சிரைகளின் சுவர் மெல்லியது, அவற்றினுள் அழுத்தமும் குறைவு; எனவே வளையம் இறுகும்போது முதலில் சிரைகள் அடைபடுகின்றன. தமனிகள் உயர் அழுத்தத்தில் இரத்தத்தைத் தொடர்ந்து உட்செலுத்திக் கொண்டேயிருக்கும். வரவு உண்டு, வெளியேற்றம் இல்லை. உறுப்பு வீங்குகிறது, வீங்க வீங்க வளையம் மேலும் இறுகுகிறது, இறுதியில் தமனியும் அடைபட்டுத் திசு இறக்கத் தொடங்குகிறது. குடலாயின் அதன் சுவர் வலுவிழந்து உள்ளிருக்கும் நுண்ணுயிரிகள் கசிகின்றன. இவை யாவும் சில மணி நேரத்தில் நடந்துவிடக் கூடியவை.

இதனால்தான் அகன்ற வாயுடைய பெரிய குடலிறக்கத்தைவிட, ஒரு குடல் வளைவு மட்டும் நுழையக்கூடிய விரற்கடை அளவுத் துளையை மருத்துவர்கள் அதிகம் அஞ்சுகின்றனர். அகன்ற துளையில் குடல் போய்வர இடமுண்டு. குறுகிய துளையில் நுழைந்தது திரும்புவதில்லை. முன்பு மென்மையாக இருந்த வீக்கம் கடினமாகி, சூடாகி, தொட்டால் வலிக்கும் நிலையை அடைந்தாலோ, நாய் வாந்தியெடுத்து உணவை மறுத்தாலோ அது காலை வரை காத்திருக்கும் செய்தியன்று.

வீக்கம் யாவும் கட்டி அல்ல என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். கவட்டையில் உள்ள குடலிறக்கத்தைப் பால்மடிக் கட்டி என்றும், குதவோரத்தில் உள்ளதைச் சீழ்க்கட்டி என்றும் எளிதில் தவறாகக் கொள்ளலாம். உள்ளே என்ன இருக்கிறது என அறியாமல் கீறினால் குடலையோ சிறுநீர்ப்பையையோ கிழிக்க நேரும். ஊடுகதிர்ப் படமும் மீயொலி வருடலும் இவ்வையத்தை விரைவில் தீர்த்துவிடும்.

தாங்கும் அடுக்கு

வயிற்றுச் சுவரில் செய்யப்படும் எந்த அறுவையின் வெற்றியும் தையல் எந்த அடுக்கைப் பற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நாயின் வயிற்றின் நடுவே, மார்பெலும்பு முதல் இடுப்பெலும்பு வரை, இருபுறத் தசையுறைகளும் கூடும் இடத்தில் வெண்ணிற நார்க்கோடு ஒன்று உள்ளது. இதற்கு வெண்கோடு என்று பெயர். வெண்கோட்டுக்கு இருபுறமும் உள்ள நேர்த்தசையின் வெளியுறைதான் சுமை தாங்கும் அடுக்கு. செந்நிறத் தசையில் போட்ட தையல் வெண்ணெயில் கட்டிய நூலைப்போல் அறுத்துக்கொண்டு வரும். உட்சவ்வைத் தைக்கவே தேவையில்லை. அது தானாகவே சில நாட்களில் ஒட்டிக்கொள்ளும். எனவே ஒவ்வொரு தையலும் வெளியுறையை விளிம்பிலிருந்து ஏறத்தாழ 5 முதல் 10 மில்லிமீட்டர் தள்ளிப் பற்ற வேண்டும். தையல்களுக்கு இடையேயும் ஏறத்தாழ அதே இடைவெளி விடப்படும்.

தோல் இரு வாரங்களில் ஆறிவிடுவதைக் கண்டு உள்ளேயும் அவ்வாறே ஆறியிருக்கும் என எண்ணுவது பொதுவான பிழை. தசையுறை மிக மெதுவாக வலுப்பெறும் திசு. அறுவைக்குப் பின் 20 நாட்கள் கழிந்த நிலையில் அதன் பழைய வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே திரும்பியிருக்கும் எனப் பாடநூல்கள் கூறுகின்றன. அதுவரை சுமையைத் தாங்குவது இழையே. முன்னர் பெரிதும் பயன்பட்ட கேட்கட் என்னும் விலங்குக் குடல் இழை ஒரு சில வாரங்களுக்குள், அதுவும் விலங்குக்கு விலங்கு வேறுபட்ட வேகத்தில், வலுவிழந்துவிடும். ஆதலால் பாலிடையாக்சனோன் போன்ற, வாரக்கணக்கில் வலுவைத் தக்கவைத்துக்கொண்டு ஏறத்தாழ 6 மாதங்களில் கரையும் இழைகளோ, கரையாத பாலிபுரொப்பிலீன் இழையோ இப்பணிக்கு விரும்பப்படுகின்றன.

தொப்புள் குடலிறக்கம்

குட்டி கருவில் இருக்கும்போது தொப்புள்கொடி செல்லும் துளை, பிறந்தபின் மூடிக்கொள்ள வேண்டும். அது மூடாமல் நிற்பதே தொப்புள் குடலிறக்கம். ஏர்டேல் டெரியர், பசென்ஜி, பெக்கினீஸ் ஆகிய இனங்களில் இது மரபுவழி வருவதாக அறியப்பட்டுள்ளது. உள்ளே பெரும்பாலும் கொழுப்பு மட்டுமே இருக்கும். ஓரிரு மில்லிமீட்டர் அளவுள்ள துளைகள் 6 மாத வயதுக்குள் தானாகவே மூடிக்கொள்வதுண்டு. எனவே அவசரப்படாமல், கருத்தடை அறுவை செய்யும்போது அதே மயக்கத்தில் இதையும் சரிசெய்வது வழக்கம். குழந்தைகளுக்குச் சிலர் செய்வதுபோல் தொப்புளின்மேல் நாணயத்தை வைத்துக் கட்டுவதால் துளை மூடாது, தோல்தான் புண்ணாகும்.

அறுவை எளியது. வீக்கத்தைச் சுற்றித் தோலைக் கீறி, பையைப் பிரித்து, கொழுப்பை உள்ளே தள்ளியோ கட்டி வெட்டியோ, வளையத்தின் இரு விளிம்புகளையும் தனித்தனித் தையல்களால் இணைப்பர். குடல் நெரிபட்டிருந்தால் கதையே வேறு. வளையத்தை முன்னும் பின்னும் வெட்டி அகலப்படுத்தி, குடலின் நிறம், அசைவு, தமனித் துடிப்பு ஆகியவற்றைப் பார்த்து உயிருள்ளதா என முடிவு செய்வர். கறுத்துப்போன பகுதியை உள்ளே தள்ளுவதற்கு முன்பே வெட்டி நீக்கிவிட வேண்டும். நெரிப்பை முதலில் தளர்த்தினால் இறந்த திசுவில் தேங்கிய நச்சுப்பொருள்கள் ஒரே வீச்சில் உடலெங்கும் பரவும்.

தொப்புளுக்கு முன்னால் நடுக்கோட்டில் குறை உள்ள குட்டிகளில், வயிற்றறைக்கும் இதயத்தைச் சூழ்ந்த உறைக்கும் இடையே பிறவித் துளை உள்ளதா எனவும் பார்ப்பது நல்லது. வைமரனர் இனத்தில் இக்குறை கூடுதலாகக் காணப்படுகிறது.

கவட்டை, விரைப்பைக் குடலிறக்கங்கள்

வயிறும் தொடையும் சேரும் கவட்டையில் இரத்தக்குழாய்களும் நரம்பும் வெளிச்செல்லும் இயற்கையான வழி ஒன்று உள்ளது. ஆண் நாயில் விந்துநாண் இவ்வழியே செல்கிறது. பெண் நாயிலும் வயிற்று உட்சவ்வின் ஒரு நீட்சியும் கருப்பையின் உருண்டை நாரும் இதில் உள்ளமையால், மனிதருக்கு மாறாக, நாய்களில் பெண்ணுக்கும் கவட்டைக் குடலிறக்கம் பரவலாக ஏற்படுகிறது. கருத்தடை செய்யப்படாத நடுவயதுப் பெண் நாய்களில் இது குறிப்பிடத்தக்கது. கருப்பை துளைக்கு வெளியே இருக்கும்போது சினையாகிவிட்டால் வீக்கம் வாரந்தோறும் வளரும். கருப்பையில் சீழ் பிடித்தாலும் அவ்வாறே.

ஒருபுற வீக்கமே தெரிந்தாலும் மறுபுறத் துளையும் தளர்ந்திருக்கக் கூடும். எனவே நடுக்கோட்டில் தோலைக் கீறி இரு வளையங்களையும் ஒரே வழியில் பார்ப்பது பலர் கைக்கொள்ளும் முறை. உறுப்பு எளிதில் உள்ளே செல்லாவிடில் வளையத்தை முன்பக்கமாகச் சற்று வெட்டி அகலப்படுத்துவர். மூடும்போது வளையத்தை முழுதும் அடைத்துவிடக் கூடாது என்பதே இங்குள்ள நுட்பம். பின்-உட்புற மூலையில் இரத்தக்குழாய்களும் நரம்பும் செல்ல இடம் விட வேண்டும். அதிகம் விட்டால் குடலிறக்கம் மீளும். குறைவாக விட்டால் சிரை நெரிபட்டு அப்பகுதி வீங்கும்.

ஆண் நாயில் குடல் விந்துநாணுடன் விரைப்பைவரை இறங்குவது விரைப்பைக் குடலிறக்கம். இது அரிது, எனினும் வழி குறுகலாதலால் நெரிப்பு அதிகம். இதைச் சரிசெய்யும்போதே விரைகளையும் நீக்கிவிடுமாறு அறிவுறுத்தப்படுகிறது.

குதவோரக் குடலிறக்கம்

நாய்களின் குடலிறக்கங்களில் தனித்தன்மை மிக்கதும் அறுவை மருத்துவரின் திறனை மிகவும் சோதிப்பதும் இதுவே. ஏறத்தாழ எப்போதும் விரை நீக்கப்படாத, 5 வயதைக் கடந்த ஆண் நாய்களில் இது தோன்றுகிறது. பாஸ்டன் டெரியர், பெக்கினீஸ், பாக்சர், கோலி, வெல்ஷ் கார்கி போன்ற இனங்களில் கூடுதல்.

இடுப்பறையின் பின்வாயிலில், மலக்குடலின் இருபுறமும், குதம் உயர்த்தும் தசையும் வாலெலும்புத் தசையும் சேர்ந்து ஒரு தடுப்பை அமைக்கின்றன. இத்தசைகள் மெலிந்து பிரியும்போது குதச் சுருக்குத்தசைக்கும் அவற்றுக்கும் இடையே இடைவெளி உண்டாகிறது. ஆண் இயக்குநீர்களின் தாக்கமும், புராஸ்டேட் சுரப்பி பெருத்து மலம் கழிக்க நாய் முக்குவதும் இதில் பங்கு வகிக்கின்றன. பெண் நாயில் குதம் உயர்த்தும் தசை அகன்றும் வலுவாகவும் இருப்பதால் அதற்கு இந்நோய் அரிதாகவே வருகிறது. பக்கத்துணையை இழந்த மலக்குடல் அவ்விடைவெளிக்குள் வளைந்து பைபோல் விரிகிறது. மலம் அங்குத் தேங்குகிறது. தேங்க முக்கல் மிகுகிறது. முக்க முக்கத் துளை அகல்கிறது.

குதத்தின் ஒரு பக்கத்தில் மென்மையான வீக்கமும் மலம் கழிக்கையில் வேதனையும் அறிகுறிகள். உறையிட்ட விரலைக் குதத்தினுள் நுழைத்துப் பார்த்தால் பக்கச்சுவர் இல்லாமை உடனே தெரிந்துவிடும்.

ஏறத்தாழ ஐந்தில் ஒரு நாய்க்குச் சிறுநீர்ப்பையே பின்னோக்கிக் கவிழ்ந்து இவ்வீக்கத்திற்குள் வந்துவிடுகிறது. அப்போது சிறுநீர் வழி மடங்கி அடைபடும். வீட்டார் கண்ணுக்கு நாய் மலம் கழிக்க முக்குவதுபோலவே தெரியும். உண்மையில் அது சிறுநீர் கழிக்க முடியாமல் தவிக்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து இதயத்துடிப்பு தடுமாறும். கவனிக்காவிடில் ஓரிரு நாட்களில் இறப்பு நேரலாம். இங்கு முதல் வேலை அறுவை அன்று. குழாய் செலுத்தியோ, அது செல்லாவிடில் வீக்கத்தின் வழியே ஊசியால் உறிஞ்சியோ சிறுநீரை வெளியேற்றி, நரம்புவழி நீர்மம் கொடுத்து நாயை நிலைப்படுத்திய பின்னரே மயக்கமருந்து கொடுக்க வேண்டும்.

அறுவைக்குச் சில நாட்கள் முன்பிருந்தே லாக்டுலோசு போன்ற மருந்துகளால் மலம் இளக்கப்படுகிறது. அறுவைக்குச் சற்று முன் எனிமா கொடுப்பது நல்லதன்று. மலம் நீர்த்து அறுவைப் பகுதியில் கசியும். மயக்கத்திற்குப் பின் கையால் மலத்தை அகற்றி, குதத்தைச் சுற்றிச் சுருக்குப்பைத் தையல் போடுவர். நாயைக் குப்புறக் கிடத்தி, பின்கால்களை மேசை விளிம்பில் தொங்கவிட்டு, வாலை முதுகின்மேல் இழுத்துக் கட்டுவர். வாலடியின் பக்கத்திலிருந்து இடுப்பெலும்பின் கீழ்வரை வளைவாகத் தோலைக் கீறி, உறுப்புகளை உள்ளே தள்ளிப் பஞ்சுத் துணியால் பிடித்துக்கொள்வர்.

பழைய முறையில், குதச் சுருக்குத்தசையை வெளிப்புறத்தில் எஞ்சியுள்ள தசைகளுடனும், முக்கோண எலும்பிலிருந்து இருப்பெலும்புவரை செல்லும் உறுதியான பிணைநாருடனும் நேரடியாக இழுத்துத் தைத்தனர். மேற்பகுதி நன்கு மூடிக்கொள்ளும். ஆனால் கீழ்ப்பகுதியில் இழுத்துத் தைக்கத் தசையே இல்லை. மெலிந்த தசைகளை வலிந்து இழுப்பதால் குதமும் கோணும். குடலிறக்கம் மீண்டும் தோன்றியது பெரும்பாலும் அந்தக் கீழ் இடைவெளியில்தான். இதற்குத் தீர்வாக 1980-களில் பரவலான முறை, இடுப்பறையின் தரையில் எலும்பின்மேல் விசிறிபோல் படர்ந்திருக்கும் உள் ஆப்டியூரேட்டர் தசையைப் பயன்படுத்துவதாகும். எலும்பின் பின்விளிம்பிலிருந்து இத்தசையைச் சுரண்டி எடுத்து, தேவையானால் அதன் தசைநாணையும் வெட்டி, மேல்நோக்கி உயர்த்திக் கீழ் இடைவெளியில் கதவுபோல் பொருத்தித் தைக்கின்றனர். இரத்த ஓட்டமுள்ள, இழுவிசையில்லாத, நாயின் சொந்தத் தசையே அடைப்பாகிறது. இன்றும் முதல் தெரிவு இம்முறையே.

எல்லாத் தையல்களையும் முதலில் இட்டுவைத்து, பிறகே ஒவ்வொன்றாக முடிச்சிட வேண்டும். முதல் முடிச்சிலேயே இடம் குறுகிவிட்டால் அடுத்த ஊசி எங்குச் செல்கிறது எனத் தெரியாது. தெரியாமல் போனால் இங்கு விலை அதிகம். ஆப்டியூரேட்டர் தசையின் மேலே குதத்துக்குச் செல்லும் நரம்பும் தமனியும் உள்ளன. பிணைநாருக்கு மிக அருகே பின்காலை இயக்கும் சியாட்டிக் நரம்பு செல்கிறது. எனவே ஊசி பிணைநாரின் ஊடே செல்ல வேண்டுமேயன்றி அதைச் சுற்றிச் செல்லக் கூடாது. மயக்கம் தெளியும்போது நாய் கடும் வலியால் அலறிப் பாதத்தை மடக்கி ஊன்றினால், தையலுக்குள் அந்நரம்பு அகப்பட்டுள்ளது என ஐயுற்று உடனே பிரித்துவிட வேண்டும்.

அதே மயக்கத்தில் விரை நீக்கமும் செய்யப்படுகிறது. இதனால் புராஸ்டேட் சுரப்பி சில வாரங்களில் சுருங்குகிறது. விரை நீக்காத நாய்களில் நோய் மீள்வது அதிகம். இறுதியில் சுருக்குப்பைத் தையலை அகற்ற வேண்டும். இதைச் சொல்லவும் வேண்டுமா எனத் தோன்றலாம். ஆனால் அறுவைப் பாடநூல்கள் இதைத் தனியே நினைவூட்டத் தவறுவதில்லை.

மலக்குடல் மிகவும் விரிந்த அல்லது சிறுநீர்ப்பை கவிழ்ந்த நாய்களில் இரு கட்டங்களாக அறுவை செய்வோரும் உளர். முதலில் வயிற்றைத் திறந்து பெருங்குடலையும் விந்துக்குழாய்களையும் முன்னோக்கி இழுத்து வயிற்றுச் சுவரில் தைத்துவிடுவர். சில நாட்கள் கழித்துக் குதவோரத் துளை மூடப்படும். அறுவைக்குப் பின் காயத்தில் தொற்று, மலக்குடல் வெளித்தள்ளல், முக்கல் ஆகியன ஏற்படக்கூடும். இருபுற நரம்புகளும் சேதமுற்றால் மலத்தை அடக்க இயலாமையும் நேரும்.

உதரவிதானக் குடலிறக்கம்

வயிற்றறையையும் மார்பறையையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிவதற்கு முதன்மைக் காரணம் வாகன விபத்து. குரல்வாய் திறந்துள்ள நிலையில் வயிற்றில் அடிவிழும்போது நுரையீரல் காற்றை இழந்து தளர்கிறது. வயிற்றின் அழுத்தத்தை எதிர்க்க மறுபுறம் ஏதுமில்லாமல் உதரவிதானம் கிழிகிறது. நடுவிலுள்ள நார்ப்பகுதி வலுவானதாகையால், விலாவை ஒட்டிய தசைப்பகுதியே பெரும்பாலும் கிழியும். மிகுதியாக மார்புக்குள் செல்வது கல்லீரல். அடுத்து சிறுகுடல், இரைப்பை, மண்ணீரல் ஆகியன.

வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் நாய் எழுந்து நடக்கலாம். மூச்சிரைப்பு, மங்கிய இதய ஒலி, மார்பில் குடல் இரைச்சல் கேட்டல் ஆகியவை ஐயத்தைத் தூண்ட வேண்டும். பல வாரங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் இது கண்டறியப்படுவதுண்டு. ஆகவே அடிபட்ட நாய்க்குக் கால்முறிவு மட்டுமே தெரிந்தாலும், மயக்கமருந்துக்கு முன் மார்பை ஊடுகதிர்ப் படம் எடுப்பது நல்ல வழக்கமாகும்.

எப்போது அறுவை செய்வது என்பதில் கருத்து மாறியுள்ளது. முதல் 24 மணி நேரத்திற்குள் அறுவை செய்யப்பட்ட விலங்குகளில் இறப்பு அதிகம் என 1980-களில் வெளியான ஆய்வு காட்டியதால், காத்திருப்பதே நன்று என்ற எண்ணம் வேரூன்றியது. 2005-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், விரைந்து அறுவை செய்யப்பட்ட நாய்களிலும் பூனைகளிலும் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பிழைத்தன. கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், அதிர்ச்சி நிலை நீங்கி மூச்சு சீரானவுடன் தாமதியாமல் அறுவை செய்வதே இன்றைய போக்கு. ஒரு விதிவிலக்கு உண்டு. மார்புக்குள் சென்ற இரைப்பை காற்றால் உப்பத் தொடங்கினால் நுரையீரல் நசுங்கிவிடும். அப்போது நிலைப்படுத்தும் வேலையும் அறுவையும் ஒருங்கே நடக்க வேண்டும்.

வயிறு திறந்தவுடன் மார்பறைக்குள்ளும் வெளிக்காற்று புகுந்துவிடுவதால், நாய் தானாக மூச்சுவிட முடியாது. மயக்கம் கொடுத்த கணம் முதல் ஒருவர் செயற்கை மூச்சை நடத்திக்கொண்டே இருப்பார். மேசையின் தலைப்பக்கம் உயர்த்தப்படும். நடுக்கோட்டில் வயிற்றைத் திறந்து உறுப்புகளை மெதுவாக மீட்பர். வீங்கிய கல்லீரலைப் பிடித்து இழுத்தால் கிழிந்துவிடும்; வராவிடில் உதரவிதானத் துளையைப் பெரிதாக்க வேண்டுமேயன்றிக் கல்லீரலை இழுக்கக் கூடாது. அடைப்பதற்காகத் துளையை முதலில் பெரிதாக்குவது முரணாகத் தோன்றினும் அதுவே பாதுகாப்பானது. தையல் எட்டுவதற்கு அரிய முதுகுப்புறத்தில் தொடங்கி வயிற்றுப்புறம் நோக்கி வரும். கீழ்ப்பெருஞ்சிரை செல்லும் துளை குறுகாமல் பார்த்துக்கொள்வர். இறுதியில் மார்பிலுள்ள காற்றை ஊசியாலோ குழாயாலோ அகற்றுவர்.

வாரக்கணக்கில் சுருங்கிக் கிடந்த நுரையீரலை ஒரே மூச்சில் ஊதி விரித்துவிட எழும் ஆர்வமே இங்குக் கொடிய பிழை. திடீரென விரியும் நுரையீரலில் நீர் கோத்து, வெற்றிகரமாக முடிந்த அறுவைக்குப் பின் சில மணி நேரத்தில் நாய் இறக்கலாம். குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, பல மணி நேரம் எடுத்துக்கொண்டு மார்புக் காற்றை அகற்றினால் நுரையீரல் தானே விரிந்துகொள்ளும். முதல் ஒரு நாளைக் கடந்துவிட்ட நாய்கள் பெரும்பாலும் முழு நலம் பெறுகின்றன.

உணவுக்குழாய் உதரவிதானத்தைக் கடக்கும் இயற்கைத் துளை வழியே இரைப்பை முன்னோக்கி நழுவுவது வேறொரு வகையாகும். இது சார்பெய், புல்டாக் போன்ற இனங்களில் காணப்படுகிறது. மருந்தால் கட்டுப்படாதபோது துளையைக் குறுக்கி, உணவுக்குழாயையும் இரைப்பையையும் தைத்து நிலைநிறுத்துவர்.

வெட்டுவழிக் குடலிறக்கம்

முந்தைய அறுவைக்காகப் போடப்பட்ட தையல் விட்டுக்கொடுப்பதால் வருவது இது. பெரும்பாலும் அறுவைக்குப் பின் முதல் வாரத்தில் தோன்றும். வெளியுறையைப் பிடிக்காமல் தசையையும் கொழுப்பையும் மட்டும் பிடித்த தையல், தளர்ந்த முடிச்சு, வளைய விளிம்புகளுக்கிடையே சிக்கிய கொழுப்பு, தொற்று, நாயின் துள்ளல் ஆகியன காரணங்கள். குறையில் பெரும்பங்கு தைத்த கையினுடையதே என்பதை அறுவை நூல்கள் மறைப்பதில்லை. தையலிலிருந்து இளஞ்சிவப்பு நீர் கசிவது முன்னறிவிப்பாகும்.

தோல் தையலும் பிரிந்து குடல் வெளியே வந்துவிட்டால், நாயே அதைக் கடித்துத் தின்னத் தொடங்கும். வீட்டிலிருப்போர் செய்யக்கூடியது, வெளிவந்ததை உள்ளே திணிக்க முயலாமல் சுத்தமான ஈரத்துணியால் மூடி, நாய் தலையைத் திருப்பாதபடி பிடித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதாகும். தெருநாய்க் கருத்தடையில் நடுக்கோட்டுக்குப் பதிலாக விலாப்பக்க வெட்டைச் சில மருத்துவர்கள் விரும்புவதற்கு இவ்வபாயமும் ஒரு காரணம். அங்குத் தையல் பிரிந்தாலும் குறுக்கும் நெடுக்குமான தசை அடுக்குகள் குடலைத் தடுக்கும்; காயத்தைத் தொலைவிலிருந்தே பார்க்கவும் முடியும்.

வலைகள்

மனிதருக்குச் செய்யப்படும் கவட்டைக் குடலிறக்க அறுவையில் பாலிபுரொப்பிலீன் வலை வைப்பது 1980-களுக்குப் பின் வழக்கமாகிவிட்டது. நாய்களில் அவ்வாறில்லை. பெரும்பாலான துளைகள் சொந்தத் திசுவாலேயே இழுவிசையின்றி மூடக்கூடியவை. வலையில் தொற்று ஏறினால் அதை முழுதும் எடுக்க வேண்டியும் வரும். எனவே பெரிய வயிற்றுச்சுவர் இழப்பு, பலமுறை மீண்ட குதவோரக் குடலிறக்கம் போன்றவற்றுக்கே அது ஒதுக்கப்படுகிறது. தொடையின் அகன்ற தசையுறையிலிருந்து எடுத்த ஒட்டு, பதப்படுத்திய பன்றிக் குடலின் உட்படலம் ஆகியவையும் பயன்படுத்தப்பட்டுள்ளன.

பிற்பராமரிப்பும் இனப்பெருக்கமும்

நாய் காயத்தை நக்காதிருக்கக் கழுத்துக் கூம்பு அணிவிக்கப்படும். தோல் தையல் 10 முதல் 14 நாட்களில் பிரிக்கப்பட்டாலும், தசையுறை வலுப்பெறும்வரை தாவுதலும் படியேறுதலும் தவிர்க்கப்பட வேண்டும். குதவோர அறுவை செய்யப்பட்ட நாய்க்கு மலம் இளக்கும் மருந்து ஓரிரு மாதங்கள் தொடரலாம்.

தொப்புள், கவட்டைக் குடலிறக்கங்கள் மரபுவழி வரக்கூடியவையாதலால், சரிசெய்யப்பட்ட நாய்களை இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பரிந்துரை. தையல் துளையை மூடுகிறது, மரபணுவை மாற்றுவதில்லை. விற்பனைக்கு வரும் குட்டியின் வயிற்றில் தழும்பு ஏதும் தெரியாதபோது வாங்குபவர் இதை அறிய வழியில்லை. ஆகவே தொப்புள் துளை தைக்கப்பட்ட வரலாற்றைச் சிகிச்சை அட்டையில் குறித்துவைப்பதும், அதே மயக்கத்தில் கருத்தடை செய்துவிடுவதும் நடைமுறையில் சேர்ந்தே செல்கின்றன.